படிவம் சி

வெளிநாட்டவர் வந்திறங்கி
இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.
கானாடுகாத்தானில் சாயங்காலமானால்
இணையம் ஊர்ந்துதான் போகும்.
"நிரோஜினிகிட்ட கொடுங்க, அது அனுப்பிரும்"
என்பார் மேனேஜர் வயிரவன்.
அந்தப் படிவத்தை என் வேகத்துக்கு நிரப்ப
இந்த விடுதியில் வேறு ஆளில்லை.

அறை நான்கு, ஸ்விஸ் தம்பதி.
வந்த நோக்கம்: சுற்றுலா.
அடுத்துச் செல்லும் இடம்: கொச்சி.
"நீ இந்த ஊர்தானா?" என்றாள் அந்த அம்மாள்.
"பக்கம்தான்" என்றேன்.
பொய்யில்லை.
முகாம் இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்.
கடைசி பஸ்ஸை விட்டால்
கண்மாய்க்கரை வழியே நடை.

அறை ஏழு, டெரிக் நாச்சியப்பன், பினாங்கு.
அடுத்த தெருவில் பூட்டிக்கிடக்கும் வீட்டில்
அவருக்கு எண்பத்துநான்கில் ஒரு பங்கு.
கையெழுத்துப் போட வந்திருக்கிறார்.
தமிழ் தெரியாது.
பத்திரத்தை நான்தான் வாசித்து விளக்கினேன்,
நான்கு எல்லையும், கிணறும்,
வடமேல் மூலையில் பொதுவழிப் பாத்தியதையும்.
"எனக்கு எவ்வளவு இடம் வரும்?" என்று கேட்டுச் சிரித்தார்.
நடையிலிருந்து முற்றத்துத் தூண்வரை
கையால் காட்டினேன்.
மனசு தனியே ஒரு கணக்குப் போட்டது:
எங்கள் வீடு அதில் நான்கு அடங்கும்.

வெள்ளிக்கிழமை மதியம், வரவில்லாத நேரம்,
சும்மா என் பெயரைத் தட்டினேன்.

குடும்பப் பெயர். அப்பா பெயரைப் போட்டேன்.
பிறந்த இடம் மன்னார்.
விசா எண்ணில் ஒரு கோடு.
வந்த விதம்: விமானம், கப்பல், சாலை, ரயில்.
பட்டியலில் வள்ளம் இல்லை.

வந்த நாள்?
அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"மழைக்கு முதல். நடுக்கடல்ல எஞ்சின் ரெண்டு தரம் நிண்டது.
நீ அழக்கூடாதெண்டு வாயில சீனி போட்டனான்."
நாளைச் சொல்லம்மா, தேதி.
"தேதி ஆர் பாத்தது, பிள்ளை.
மணல்திட்டில இறக்கிவிட்டிட்டுப் போயிட்டாங்கள்."

அம்மா கதைக்கிறாள்.
நான் பேசுகிறேன்.
ஒரே போனில்.

தங்க உத்தேசிக்கும் நாட்கள்?
ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
கட்டம் மூன்று இலக்கம்தான் ஏற்கும்.

ஏதோ சுற்றறிக்கை வந்திருக்கிறதாம்.
பக்கத்து வீட்டு கஜரூபன் தன் போனில் காட்டினான்,
எழுத்து கலங்கியிருந்தது.
இனிமேல் தண்டிக்க மாட்டார்களாம்.
குடியுரிமையா என்று கேட்டேன்.
அது வேறயாம்.
நான் செய்த குற்றம் என்னவென்று
அதில் இருந்ததா, அவன் வாசிக்கவில்லை.
அப்போது எனக்கு இரண்டு வயது.
அம்மாவின் இடுப்பில் இருந்தேன்,
வாயில் சீனியோடு.

பி.காம். முதல் வகுப்பு.
வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதும்
இதேபோல் ஒரு கட்டம்தான் வந்தது:
நாட்டுரிமை.
அதையும் அப்படியே விட்டு எழுந்து
இட்லிக்கு மாவாட்டப் போனேன்.

நிமிர்ந்து பார்த்தால் திரையில்:
நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்.
வயிரவன் சாரின் கடவுச்சொல் எனக்குத் தெரியும்.
ஆனாலும் நுழையவில்லை.
நாளைக்குச் சனிக்கிழமை, முகாமில் செக்கிங்.
வரிசையில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும்.
அரைநாள் லீவு கேட்கணும்.
காரணம் என்ன எழுதலாம்?
போன மாதம் பல்வலி.
அதற்கு முந்தின மாதமும் பல்வலி.

நாச்சியப்பன் பெட்டியோடு வந்தார்.
சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
டிரைவரிடம் கற்றுக்கொண்ட தமிழை
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:
"உங்க. ஊர். நல்ல ஊர்."

நன்றி என்றேன்,
அவர் பங்குக்கும் சேர்த்து.